குறளிக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறது

ஜெபக்கனி அக்கா,

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நான் உங்களிடம் சொன்னது பொய். நிதினுக்குப் பத்து மாதம் இல்லை. இருபத்திரண்டு மாதம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

சங்கரன்கோவிலில் ஏறி, ஜன்னல் ஓரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அந்தப் பெண் நான்தான். தினமும் இத்தனை குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸுக்கு ஒரு பஸ் பிரயாணியை எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் நீங்கள் அவனைப் பார்த்த பார்வை அப்படி இல்லை. வியாழக்கிழமை குழந்தைகள் ஓ.பி.க்கு வந்ததும் இந்தக் காகிதத்தை முதலில் உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். சீட்டில் வயது எழுதுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். வாயால் சொல்லலாம்தான். ஆனால் என் மாமியாரும் கூட வருகிறார். அவர் பக்கத்தில் நிற்கும்போது இதெல்லாம் எனக்கு வாயில் வராது. அதனால்தான் வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொய் சொன்னதற்காக என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வருடம் தூத்துக்குடி கான்வென்ட்டில் படித்தவள் நான். அதில் எட்டு வருடம் நன்னடத்தைக்கு மெடல் வாங்கியிருக்கிறேன். கண்டபடி பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. வயது கேட்டால் மட்டும் பாதியைச் சொல்வேன். பாதி சொன்னால், "பத்து மாசத்துக்குப் புஷ்டியா இருக்கானே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு விடுவார்கள். முழுசும் சொன்னால் முகம் மாறும். பிறகு என் உயரத்தைப் பார்ப்பார்கள், "அப்பா குட்டையா?" என்பார்கள். அடுத்தவள் பிள்ளையின் வயது இந்த ஜனங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரிவதே இல்லை. அவனுக்கு டிக்கெட்டா எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள்?

சரி. எங்கே இருந்து ஆரம்பிப்பது? அந்த வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மாமியார் பெயர் சுடலைவடிவு. பள்ளிக்கூடத்தின் வாசல் வரைக்கும் போனவர், உள்ளே போனதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "இங்கிலீஷ் படிச்ச பிள்ளை, நமக்கு அடங்குமா" என்று என் அம்மாவிடமே கேட்டவர். அவர் மகன் பொன்ராஜ், என் வீட்டுக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வசனம்தான் தெரியும்: "அம்மா ஒண்ணு சொல்லுதா, நீ ஒண்ணு சொல்லுத, நான் எங்க போக?" எங்கேயும் போக மாட்டார். ஆட்டோவுக்கு அடியில் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார்.

நிதினுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது அவனை என் மாமியார் குறளி என்று கூப்பிட ஆரம்பித்தார். "ஏ குறளி, இங்க பாரு." "குறளிக்குப் பாலைக் குடுட்டி." எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கான்வென்ட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள், குறளியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏதோ செல்லப் பேர் என்று நினைத்து, ரெண்டு வாரம் நானும் சிரித்தேன். அதை நினைத்தாலே இன்னும் எனக்குக் காது எரிகிறது. எதிர்வீட்டு அம்மா ஒருத்தி தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில், "உனக்கு ரோசமே கிடையாதாம்மா, பெத்த பிள்ளையப் பிசாசுங்கா, நீ பல்லக் காட்டிக்கிட்டு நிக்க" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

குறளி என்றால் குட்டிப் பிசாசாம். மந்திரவாதி கையில் இருக்குமாம். அவன் ஏவினால் வீட்டுக்குள்ளே வந்து, சோற்றில் முடியைப் போடுமாம், காய்ந்த துணியைக் கிழிக்குமாம், கூரையில் கல்லை எறியுமாம். கண்ணுக்குத் தெரிந்தால் முழங்கால் உயரம்தான் இருக்குமாம். எங்கள் வீட்டுச் சாம்பாரில் முடி கிடந்தது உண்மை. அது என் மாமியாருடைய முடி. வெள்ளையாக, இவ்வளவு நீளத்துக்கு. கொண்டையைப் போடாமல் தாளித்தால் முடி விழாமல் மல்லிகைப்பூவா விழும்? இதைச் சொன்னால் நான் வாயாடி.

நான் மூளையை உபயோகித்து யோசித்தேன், அக்கா. குறளி என்றால் குறும்பு செய்ய வேண்டும். ஓட வேண்டும், ஒளிய வேண்டும், சாமானைத் தூக்கிப் போட வேண்டும். என் பிள்ளை என்ன செய்கிறான்? ஒன்றும் செய்ய மாட்டான். போட்ட இடத்தில் கிடப்பான். பிறந்ததிலிருந்தே அழுகை கிடையாது. பாலுக்குக்கூட நான்தான் எழுப்ப வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் கத்தி ஊரை எழுப்பும், என் பிள்ளை விடியும்வரை தூங்குவான், விடிந்த பிறகும் தூங்குவான். எங்கள் பள்ளியில் சிஸ்டர்கள் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட சமத்துப் பிள்ளையைப் போய்க் குறளி என்கிறார்களே, குறளிக்கே கேவலமாக இருக்காதா? இதை அப்படியே என் மாமியாரிடம் கேட்டேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அதாம் பயமா இருக்கு" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவர் பேச்சுக்கெல்லாம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நான் குடும்பம் நடத்த முடியாது. நாலாவது மாதத்திலேயே, "தொண்ட கரகரங்கு, டாக்டர்ட்ட காட்டுட்டி" என்று ஒரு நாள் சொன்னார். அவர்தான் சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கே சாயங்காலம் கோழி முட்டையை அவன் தலையைச் சுற்றி முச்சந்தியில் உடைத்துவிட்டும் வந்தார். காலையில் டாக்டர், சாயங்காலம் முட்டை. இந்த மாதிரி ஒரு வாயிலிருந்து வருவதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

அங்கன்வாடி டீச்சர் மாரிச்செல்வி இன்னொருத்தி. மாதாமாதம் பிள்ளைகளைத் தொங்கு தராசில் காய்கறி மாதிரி போட்டு நிறுப்பாள். ஒரு அட்டை கொடுத்திருந்தாள், அதில் கோடு கோடாக இருக்கும், பிள்ளையின் எடைக்கு ஒரு புள்ளி வைப்பாள். நிதின் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. அடுத்த மாதமும் விழுந்தது. "சுகந்திக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒருக்கக் காட்டிருங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. தராசில் கோளாறு என்றேன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அதே தராசுதான் என்றாள். உன் படிப்பு என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, தெரியும். ஆனால் கேட்டுவிட்டேன். அவளும் பதில் சொன்னாள், பிளஸ் டூ என்று, கொஞ்சமும் கூசாமல். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அட்டை என் பெட்டியில் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் எங்கள் வகுப்புத் தோழிகள் குழு ஒன்று இருக்கிறது. மெர்லின் என்று ஒருத்தி, அவளுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் பிள்ளை பிறந்தது. அவள் பையன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற வீடியோவைப் போட்டாள். பிறகு அவன் ஆங்கிலத்தில் கலர் சொல்கிற வீடியோவை. பிள்ளையைப் பெற்றாளா, சர்க்கஸ் நடத்துகிறாளா? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேகம் உண்டு என்று நான் போனில் எத்தனை இடத்தில் படித்திருக்கிறேன். ஒப்பிடவே கூடாது. நான் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

போன மாதம், ஆவணியில், என் மாமியார் ஒரு கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவன். பட்டையாகத் திருநீறு, சிவப்புத் துண்டு. அடித்து அடித்து, கண்ணெல்லாம் மேலே செருகி, "குந்தியிருக்கு, குந்தியிருக்கு" என்கிறான், அந்த நேரம் பார்த்து அவன் இடுப்பிலிருந்த போன் அடித்தது. கண்ணைச் செருகியபடியே எடுத்து, "குறி சொல்லிட்டிருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்தான். நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கோடாங்கி சொன்ன வழி என்ன தெரியுமா, அக்கா? பிள்ளையை அடுத்த அமாவாசைக்கு ஆற்று மணலில் இடுப்புவரை புதைத்து நிறுத்தி, ஒரு நாழிகை விட்டுவிட வேண்டுமாம். குறளி மண்ணைப் பார்த்ததும் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடுமாம். பிள்ளை அதற்குப் பிறகு தென்னங்கன்று மாதிரி வளருமாம்.

அந்த அமாவாசை வருகிற வெள்ளிக்கிழமை.

மறுநாள் நிதினை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே நூலகத்துக்குப் போனேன். இவர்களோடு கத்திப் பிரயோஜனமில்லை, அந்த வார்த்தையின் வேரையே பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது. படித்தவள் அப்படித்தானே செய்ய வேண்டும்? நூலகர் ஒரு தடித்த அகராதியை எடுத்துத் தட்டினார். தூசியில் நிதின் தும்மக்கூட இல்லை. "என்ன வார்த்தைம்மா?" என்றார். குறளி என்றேன். "வித்தையா, பிசாசா?" என்றார். ரெண்டும் என்றேன்.

குறளி: குட்டிப் பேய், ஏவல் செய்யும் சிறு பிசாசு. அது தெரிந்ததுதான். அதற்கு முன்னால் இருந்த வார்த்தையைப் பார்த்தேன். குறள். அதற்குக் குறுமை என்று போட்டிருந்தது. பிறகு குள்ளன். பிறகு பூதம். வேர் என்னவென்றால், குறு. அவ்வளவுதான், அக்கா. குறில், குறுகல், குறுவை, குறுநடை எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளையோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் குறளியும். குட்டையானது. வேறொன்றுமில்லை. கல் எறிவதும் கிடையாது, முடி போடுவதும் கிடையாது.

எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே உட்கார்ந்து முழுக்கதையையும் கண்டுபிடித்துவிட்டேன். எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ ஒரு குட்டை மனிதன் பிறந்திருப்பான். ஜனங்கள் உற்று உற்றுப் பார்த்திருப்பார்கள். இவன் ஏன் இப்படி என்று யோசிக்க மூளை இல்லாமல், இவன் மனிதனே இல்லை என்று முடித்துவிட்டிருப்பார்கள். பிறகு ஊரில் தொலைந்ததும் கிழிந்ததும் எல்லாம் அவன் கணக்கில். குட்டையாக இருந்ததைத் தவிர அவன் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டான். அந்த மக்குக் கூட்டத்தின் வாரிசுதான் எங்கள் வீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். குள்ளன் என்று போட்டிருந்த இடத்தில் அளவும் போட்டிருந்தது. ஈரடி உயரமுள்ளவன் என்று. அன்றைக்கு மத்தியானம் நிதின் தூங்கும்போது தையல் டேப்பை எடுத்துச் சும்மா ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். இரண்டடி இரண்டு அங்குலம். இரண்டு அங்குலம் கூடுதல். நான் அந்த இரண்டு அங்குலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் மாமியாரை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பள்ளியில் பேச்சுப் போட்டியில் பேசுகிற மாதிரிதான் பேசினேன், கையெல்லாம் ஆட்டி. குறளி பேய் இல்லை, அத்தை, குறளி என்றால் குட்டையானது என்றுதான் அர்த்தம், மற்றதெல்லாம் உங்கள் கட்டுக்கதை என்றேன். அவர் கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்:

"அதத்தாம்ட்டி நானும் சொல்லுதேன். குட்டையாத்தான இருக்கான்."

இப்படிப்பட்டவர்களுக்கு எதையும் புரிய வைக்க முடியாது என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

இனி பஸ் விஷயம். அன்றைக்கு நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள், அம்மா வீட்டுக்கு என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. வெள்ளிக்கிழமை மணலுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பையில் ரெண்டு நாள் துணி இருந்தது. நீங்கள் பேச ஆரம்பித்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு படித்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று.

பையன் ரொம்ப அமைதியா இருக்கானே என்றீர்கள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அழவே மாட்டான் என்றேன். நல்லாத் தூங்குவானா என்றீர்கள். இருபது மணி நேரம் தூங்குவான் என்றேன், ரெண்டு மணி நேரம் கூட்டித்தான் சொன்னேன். வெளிக்கிப் போவதெல்லாம் ஒழுங்கா என்றீர்கள். நாலு நாளைக்கு ஒரு தடவைதான், துணி துவைக்கிற வேலையே இல்லை என்றேன். பிறந்தபோது மஞ்சள் காமாலை இருந்துச்சா என்றீர்கள். இருந்தது, ஒன்றரை மாதம், வெயில் காட்டினோம் என்றேன். அவன் நாக்கு கொஞ்சம் வெளியே இருந்தது, உங்கள் விரலால் உதட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தீர்கள். சட்டையைத் தூக்கி, புடைத்திருந்த தொப்புளைப் பார்த்தீர்கள். கையைத் தொட்டு, "சில்லுன்னு இருக்கே" என்றீர்கள்.

அக்கா, நான் உங்களுக்கு அவன் நல்ல குணங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினீர்கள். இப்படியே இன்னும் நாலு நல்ல குணம் சொல்லியிருப்பேன், நீங்கள் பார்வையைத் தாழ்த்தாமல் இருந்திருந்தால்.

பிறகு உங்கள் பெயரைச் சொன்னீர்கள், பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் ஓ.பி.யில் வேலை என்றீர்கள். "தைராய்டுன்னு ஒண்ணு இருக்கும்மா. ரத்தம் எடுத்தாத் தெரிஞ்சிரும். வியாழக்கிழமை நான் இருப்பேன், கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? எங்களுக்கென்று சொந்த டாக்டர் இருக்கிறார் என்றேன். எங்களுக்கு எந்த டாக்டரும் இல்லை.

திருநெல்வேலியில் நீங்கள் இறங்கினீர்கள். நானும் இறங்கினேன், நீங்கள் பார்க்கவில்லை. தூத்துக்குடி பஸ் பக்கத்திலேயே நின்றது. நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மாவிடம் போனால் அவளும் ஒரு தடவை அவனைத் தூக்குவாள், தூக்கினால் தெரிந்துபோகும். அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் சொல்லி என்னைப் பெரிய ஆளாக ஆக்கிக்கொள்ள விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபமாக இருந்தது. யார் மேலாவது கொட்ட வேண்டும் போல இருந்தது. என் மாமியாரிடம் உங்களைத் திட்டினேன். பஸ்ஸில் ஒரு நர்ஸ், மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாள், தைராய்டாம், ரத்தம் எடுக்கணுமாம், இவளுக்கு என்ன வந்தது என்று. அவரும் சேர்ந்து திட்டுவார் என்று நினைத்தேன். ஊசி என்றாலே ஆகாது அவருக்கு. அவர் எழுந்து போய், சுடலைமாடன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னக் கட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

தென்னை ஈர்க்குகள். சிவப்பு நூலால் கட்டியிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை, அவன் தூங்கும்போது, அவர் ஒரு ஈர்க்கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ திருஷ்டி கழிப்பு என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அவர் செய்தது கழிப்பு இல்லை. உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை வைத்து, சரியாக அந்த இடத்தில் முறித்து வைத்திருக்கிறார். அவர்கள் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானாம். என் வீட்டுக்காரருக்கும் அளந்தாராம். நடக்க ஆரம்பித்ததும் அந்த ஈர்க்குக் கட்டை ஆற்றில் விட்டுவிடுவார்களாம். இவன் கட்டு இன்னும் ஆற்றுக்குப் போகவில்லை.

தரையில் வரிசையாக அடுக்கினார். முதல் மூன்று ஈர்க்கு படி மாதிரி ஏறியது. அடுத்து ஏழெட்டு கொஞ்சம் கொஞ்சமாக. அதற்குப் பிறகு பத்து ஈர்க்கு, அக்கா, பத்து. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நகத்தின் ஓரம் அளவுதான் வித்தியாசம். அரிவாளால் ஒன்றாக வெட்டின மாதிரி.

மாரிச்செல்வியின் அட்டையில் என்ன இருந்ததோ அதுதான் தரையில் இருந்தது. அதைத் தராசுக் கோளாறு என்றேன். ஈர்க்குக்கு என்ன கோளாறு சொல்வது?

"இதக் கொண்டு போவோம்," என்றார். "அந்த நர்ஸம்மா கேட்டா காட்டலாம்லா."

வெள்ளிக்கிழமை மணல் என்ன ஆயிற்று என்று கேட்டேன், குத்தலாகத்தான் கேட்டேன்.

"கோடாங்கி எங்க போயிருவான், உள்ளூர்க்காரன்தான. மொதல்ல ரத்தத்த எடுக்கட்டும்." பிறகு நூலைத் திரும்பக் கட்டிக்கொண்டே கேட்டார்: "நீ பெத்தவ. தெனம் குளுப்பாட்டுத. உனக்கு எப்பட்டி தெரிஞ்சுது?"

இப்போதுதான் தெரியும் அத்தை, அந்த நர்ஸ் சொல்லித்தான் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு விளக்கைப் போடப் போய்விட்டார். இத்தனை நாளாக என்னோடு சண்டை போட்ட மனுஷி, சண்டை போட ஒரு நல்ல இடம் கிடைத்தும் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனில் தேடினேன். தேடாதே தேடாதே என்று நினைத்துக்கொண்டே தேடினேன். தினமும் ஒரு சின்ன மாத்திரை, பொடி பண்ணித் தாய்ப்பாலில் கலந்து கொடுப்பார்களாம். மாத்திரை ஆரம்பித்தால் பிள்ளை வளருமாம். உயரம் வந்துவிடுமாம். ஆனால் மூளை விஷயத்தில், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது. முதல் சில வாரங்களிலேயே என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இருபத்திரண்டு மாதத்தில் ஆரம்பித்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வியாழக்கிழமை எனக்குச் சொல்ல வேண்டாம். ரத்தத்தை எடுங்கள், மாத்திரையைக் கொடுங்கள். அதற்குப் பிறகு, அவன் மாத்திரை குடிக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆன பிறகு சொல்லுங்கள்.

இப்போதும் அவன் என் பக்கத்தில்தான் தூங்குகிறான். மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு. முன்பெல்லாம் அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும். இன்றைக்கு ரெண்டு தடவை எழுப்பிவிட்டேன். அழட்டும் என்றுதான் எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டான்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன், அக்கா. டாக்டர் கேள்வி கேட்கும்போது நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். எந்தத் தடுப்பூசி போட்டது, எப்போது உட்கார்ந்தான், தலை எப்போது நின்றது, எல்லாம் கேட்கட்டும், என் மாமியார் முன்னாலேயே கேட்கட்டும். "குழந்தை வளரலைன்னு எப்பக் கவனிச்சீங்க?" என்று மட்டும் அவர் முன்னால் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிறந்த பதினாறாம் நாள் பேர் வைக்கும்போது போட்ட வெள்ளைச் சட்டையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து, மடிக்கும் முன் விளையாட்டாக அவனுக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கினேன், பொத்தான் மூன்றும் மாட்டிக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு அதைக் கழற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே போய் ஒரு வயதுப் பிள்ளைக்கான சட்டை நாலு வாங்கிவந்தேன். அன்றிலிருந்து அவனுக்குப் பெரிய சட்டைதான். கையை உள்பக்கமாக மடித்து, வெளியே தெரியாமல் தைத்துவிடுவேன்.

சுகந்தி